மாமன் தலை நகர்ந்தபோது

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் இதை ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் படித்துவிட்டு மற்றவருக்குச் சொன்னால் நடுவில் சண்டை வரும்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் “அப்பா என்ன வேலை பார்க்கிறார்” என்று கேட்டார்களாம். பாப்பா, நீ எழுந்து “பொம்மையை நடக்க வைக்கிற வேலை” என்றாயாம். வகுப்பு சிரித்தது என்று வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. பக்கத்துப் பிள்ளைகளின் அப்பாக்கள் வேளாண்மை ஆபீஸில் இருக்கிறார்கள், வங்கியில் இருக்கிறார்கள், நெல் வியாபாரம் செய்கிறார்கள், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். உங்கள் அப்பா காலையில் குளித்துச் சட்டை போட்டு, நெற்பயிரில் புகையான் பூச்சி எப்படி ஏறுகிறது என்று கணினியில் வரைந்து அதை ஏற வைக்கிறார். விவசாயத்துக்கு வீடியோ போடுகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். எனக்கே சில நாள் சிரிப்பு வரும்.

இந்த வேலைக்கு நான் எப்படி வந்தேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அனிமேஷன் படித்தவர்கள் சின்ன வயதிலிருந்தே கனவு கண்டதாகப் பேட்டி கொடுக்கிறார்கள். நான் அப்படிக் கனவு எதுவும் காணவில்லை. உங்கள் மாமன்கள் இருவரின் தலையில் யார் தலை பெரியது என்று வந்த சண்டையில்தான் இந்தத் தொழில் எனக்குக் கிடைத்தது.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் படிக்க எனக்கும் ஆசையில்லை, என்னைச் சேர்த்துக்கொள்ளக் கல்லூரிக்கும் ஆசையில்லை. தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்பதால் நன்னிலம் கடைத்தெருவில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் டிசைனராகச் சேர்ந்தேன். நம் பக்கத்தில் பிறந்தநாளுக்கு ஃபிளக்ஸ், காதுகுத்துக்கு ஃபிளக்ஸ், பெண் பெரியவளானால் ஃபிளக்ஸ், கல்யாணத்துக்கு ஃபிளக்ஸ், செத்தால் ஃபிளக்ஸ். இடையில் சும்மா வாழ்கிற நாட்களுக்கு மட்டும்தான் யாரும் இன்னும் ஃபிளக்ஸ் வைக்கவில்லை.

என் வேலை தலை வெட்டுவது. புகைப்படத்திலிருந்து தலையைத் தனியாகப் பிரித்து எடுத்து, வேறு உடம்பில், வேறு பின்னணியில் ஒட்டுவதற்குக் கடையில் அப்படித்தான் பெயர். கீழ்வேளூரைத் தாண்டிப் போகாத மனிதரைப் பனிமலைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். ஆட்டுக்குக் கூடப் பயப்படுகிறவரைச் சிங்கத்தின் முதுகில் கை வைத்து நிற்க வைத்திருக்கிறேன். சிங்கம் கடைக்குச் சொந்தமானது, ஒரே சிங்கம்தான். தாலுக்கா முழுக்க எல்லோருக்கும் அதுவே போய்வந்தது.

ஃபிளக்ஸில் தலை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. மேலே வட்டத்துக்குள் தலைவர்கள். நடுவில் விழா நாயகர். பக்கத்தில் செலவு செய்தவர். அதற்குக் கீழே செலவு செய்வார் என்று எதிர்பார்க்கப்படுகிறவர். ஓரத்தில் வரிசையாக, நெல் மூட்டை அடுக்கியது மாதிரி, மற்றவர்கள். இதில் ஒரு தலை அரை அங்குலம் குறைந்தாலும் அந்த வீட்டுக்காரர்கள் பந்தியில் உட்கார மாட்டார்கள். நான் கற்ற கலை அந்த அரை அங்குலம்தான்.

பாப்பா, உனக்கு ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. வளைகுடாவில் ஃபோர்மேனாக இருந்த பெரிய மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பி, நீ அப்போது பிறக்கவில்லை. ஒருவழியாக அவர் வந்தார், நாள் குறித்தோம், மண்டபம் பிடித்தோம். வந்த கையோடு பெரியவர் எனக்கும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தார்.

“மாப்ள, எங்க கம்பெனியில ஸ்டோர்ல ஆள் எடுக்குறான். விசாவுக்குச் சொல்லி வச்சிட்டேன். காதுகுத்து முடிஞ்சதும் என்கூடவே கெளம்புறீங்க.”

“யோசிச்சு சொல்றேன் மச்சான்.”

“என்னத்த யோசிக்கிறது. ஊரான் தலைய வெட்டி வெட்டி ஒட்டுறது ஒரு பொழப்பா. வயசு போனா கண்ணு போயிரும்.”

உங்கள் அம்மாவுக்குத் தளம் போட்ட வீடு வேண்டும். தலை வெட்டுவதில் எனக்கும் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. வேறு எதுவும் தெரியாததால் செய்தேன். சரி, போவோம் என்று மனதைத் தயார் செய்துகொண்டேன்.

சின்ன மாமா உள்ளூர். கட்சியில் ஒன்றிய அளவில் ஒரு பொறுப்பு. மாவட்டம் அறிந்த செயல்வீரர் என்று அவர் ஃபிளக்ஸில் இருக்கும். மாவட்டத்துக்கு அதைத் தெரிவித்ததே நான்தான்.

அம்மாவுக்கு அப்பா அம்மா கிடையாது. இந்த இரண்டு அண்ணன் தம்பிதான் பிறந்த வீடு. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். இரண்டு மாமன் இருந்து ஒருவர் வரவில்லை என்றால் வந்தவர்கள் மொய் எழுதுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள். இரண்டு பேரும் ஒன்றாக வந்து சீர்த்தட்டோடு நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் அம்மா கேட்டது. நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை.

காதுகுத்து ஃபிளக்ஸை நானே செய்தேன். சொந்த விஷயம் என்பதால் மிகவும் ஜாக்கிரதையாக ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டு மாமன் தலையையும் ஒரே அளவில், ஒரே உயரத்தில், உனக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். மாதிரிப் படத்தை இரண்டு பேருக்கும் போனில் அனுப்பினேன். சிறிது நேரத்தில் இரண்டு பேருமே கடைக்கு வந்துவிட்டார்கள்.

“அத்தான், ஸ்கேல் வச்சுத்தான அளந்தீங்க?” என்றார் சின்னவர்.

“ஸ்கேல் வச்சுதான்.”

“எங்கேருந்து எங்க வரைக்கும்?”

“உச்சியிலேருந்து தாடை வரைக்கும்.”

“அங்கதான் இருக்கு விஷயம். எனக்கு முடி இருக்கு, அண்ணனுக்கு இல்ல. முடியக் கழிச்சிட்டுப் பாருங்க. அண்ணன் மொகம் தாம்பாளம் மாதிரி இருக்கு. என் மொகம் டீ சாஸர் மாதிரி இருக்கு.”

பெரியவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “முடி போனது என் குத்தமாடா? வெயில்ல நின்னு சம்பாரிச்சதுல போனது.”

“அதுக்கு நட்ட ஈட்ட என் மூஞ்சியில புடிக்கணுமாண்ணே?”

சின்னவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புருவத்திலிருந்து தாடை வரை அளந்து இரண்டு முகத்தையும் சமமாக்கினேன். இப்போது சின்னவரின் முடி, வளர்த்து விட்ட கோரை மாதிரி, மேலே போய் நின்றது.

“இப்ப அவன் என்னவிட ஒசரம்” என்றார் பெரியவர். “ரோட்டுல போறவன் புருவத்தையா பாப்பான்? எவன் ஒசரமா இருக்கான்னுதான் பாப்பான்.”

“நீங்க ஒரு தொப்பி வச்சுக்கங்கண்ணே.”

“நான் எதுக்குடா தொப்பி வைக்கணும். நீ போய் மொட்டை போடு. புள்ளைக்குத்தான் அன்னைக்கு மொட்டை போடுறாங்க, கூட உக்காந்துக்க.”

முதலாளி நடுவில் வந்தார். “சண்டை வேணாங்க. ஆளுக்கு ஒரு ஃபிளக்ஸ் போட்டுரலாம்.” முதலாளியின் எல்லாச் சமாதானமும் இரண்டாவது ஃபிளக்ஸில்தான் முடியும். அதிலும் மண்டப வாசலில் வலப்பக்கம் யாருடையது என்று சண்டை வந்து நின்றது. கடைசியில் சின்னவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “சின்னத் தலையா போட்டா நான் வரல. என் கட்சிப் பசங்க மூஞ்சியில முழிக்க முடியாது.” பெரியவர், “அப்ப நானும் இல்ல. டிக்கெட்ட முன்னாடியே மாத்திக்கிட்டு கெளம்புறேன்” என்றார். இரண்டு பேரும் இரண்டு பக்கமாகப் போனார்கள்.

வீட்டில் அம்மா கேட்டது இதுதான்: “உங்க வேலையே தலை போடுறதுதான. சொந்தத்துல ரெண்டு தலைய ஒழுங்கா போட முடியலயா?” அரிசி களைந்துகொண்டிருந்தாள், களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்தாள்.

மறுநாள் காலை கடைக்குப் போகிற வழியில் வாய்க்கால் மதகுப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். அந்த வருடம் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். நம் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் வரும்போது எதிர்ப்பக்க ஷட்டர் இறங்கியிருக்கும். சில நாள் கழித்து அது ஏறும், இது இறங்கும். இரண்டு ஊர்க்காரர்களும் முணுமுணுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனாலும் யாரும் நடவு செய்யாமல் இருந்ததில்லை. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ஷட்டரைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஏற ஒரு பக்கம் இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தலைக்கும் முறை வைத்தால் என்ன?

மண்டபத்தோடு ஒரு எல்.இ.டி திரை சேர்ந்தே வரும். அதில் எல்லா விழாவிலும் ரோஜாப்பூ கொட்டும், புகைப்படம் மாறும், அவ்வளவுதான். அதில் இரண்டு மாமன் தலையையும் போட்டு, ஒன்று பெரியதாகும்போது மற்றது சிறியதாக வேண்டும்; பிறகு மாறி வர வேண்டும்.

நான் தினமும் தலை வெட்டுகிற அதே மென்பொருளில் கீழே ஒரு பட்டை உண்டு என்றும், அதில் படத்தை நகர்த்தலாம் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். தொட்டதில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். சொல்லிக்கொடுத்தவர் பேசிய மொழி எனக்குத் தெரியாது. அவர் மவுஸ் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே நானும் போனேன். மத்தியானத்துக்குள் பெரியவரின் தலை நகர்ந்தது.

பார்க்கச் சகிக்கவில்லை. சைக்கிள் டியூபுக்குக் காற்று அடிப்பது போல ஒரே சீராக ஊதிக்கொண்டு வந்தது. சின்னவர் தலை தேனீ கொட்டியது போல வீங்கியது. இதை மண்டபத்தில் போட்டால் இரண்டு பேரும் ஒற்றுமையாகி என்னை அடிப்பார்கள்.

டீ குடிக்க வெளியே வந்தேன். கடைக்குப் பின்னால் வயல். டிராக்டர் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருக்க, பின்னாலேயே கொக்குகள் நடந்தன. அத்தனை வருடம் அந்தப் பக்கம் நின்று டீ குடித்திருக்கிறேன். கொக்கு நடப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அது ஒரே சீராக நடப்பதில்லை. கழுத்து முதலில் முன்னால் போகிறது. உடம்பு அப்படியே நிற்கிறது. பிறகு கால் மெல்லத் தூக்கி, நடுவில் வேகமாகப் போய், சேற்றில் வைக்கிற இடத்தில் மறுபடி மெல்ல. கால் எங்கே வைக்க வேண்டும் என்று அது முடிவு செய்கிறது தெரிந்தது. வேகத்திலேயே நினைப்பு இருந்தது. டீ ஆறிப்போனது.

உள்ளே வந்து பெரியவர் தலையைக் கொக்கின் கணக்கில் நகர்த்தினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இலேசாக முன்னால் சாய்வு. பிறகு மெல்லத் தொடங்கி, வேகமாகி, மெல்ல நிற்பது. ஓட்டிப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்துவிட்டு, யார் என்று அடையாளம் கண்டு, “வாங்க மாப்ள” என்று சொல்லப் போகிறவர் போல முன்னால் வந்தார்.

“வாங்க மச்சான்” என்று சொல்லிவிட்டேன், வாய்விட்டு.

முதலாளி திரும்பிப் பார்த்தார். “யாருப்பா வந்திருக்கா?”

“யாரும் இல்லண்ணே.”

அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா, கவலையில் சாப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டாள். எனக்குப் பசிக்கவில்லை என்பதுதான் நிஜம். அசையாமல் கிடந்த ஒன்று நான் சொன்ன நேரத்தில், நான் சொன்ன விதமாக, உயிர் வந்தது போல அசைந்தது. எத்தனையோ தலைகளை வெட்டி ஒட்டியிருக்கிறேன், ஒன்றாவது என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

சின்னவர் தலைக்கு இரண்டு நாள் ஆனது. அவர் முடிக்குத் தனியாக ஒரு தாமதம் கொடுத்தேன். தலை நின்ற பிறகு முடி கொஞ்சம் ஆடி நிற்கும். கடைக்குக் கூப்பிட்டுக் காட்டியபோது அவருக்கு அது மிகவும் பிடித்தது. ஆனாலும் போனில் ஸ்டாப் வாட்ச் வைத்து இரண்டு தலையும் பெரியதாக இருக்கிற நேரத்தை அளந்தார்.

“சரியாத்தான் இருக்கு அத்தான். ஆனா மொதல்ல யாரு வர்றா?”

“சுத்திச் சுத்தி ஓடும். மொதல்னு ஒண்ணு கெடையாது.”

“மண்டபம் தொறந்ததும் ஒரு தலை வரும்ல?”

“பந்தல்காரன்தான் அந்நேரம் இருப்பான். அவன் எந்தக் கட்சி?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நம்ம ஆளுதான். பரவால்ல, உடுங்க.” பெரியவரும் பார்த்தார். தன் தலை வரும் இடத்தில் மட்டும் மூன்று தடவை ஓட்டச் சொன்னார். பிறகு டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை.

வாசல் ஃபிளக்ஸில் பாப்பாவின் படம் மட்டும்தான். நம் வட்டாரத்தில் ஒற்றைத் தலையோடு வைத்த ஃபிளக்ஸ் அது ஒன்றாகத்தான் இருக்கும். வலங்கைமானிலிருந்து வந்த ஒரு தாத்தா அதைப் பார்த்துவிட்டு என்னிடமே, “பாவம், புள்ளைக்குச் சொந்தம்னு வேற யாருமே இல்லயா” என்று கேட்டார்.

காதுகுத்து அன்று இரண்டு மாமன்களும் வேட்டி சட்டையில், ஒரே நேரத்தில், மேளத்தோடு சீர்த்தட்டு எடுத்து வந்தார்கள். வாசலில் யார் முதலில் காலை வைப்பது என்று ஒரு நொடி நின்று, பிறகு இரண்டு பேரும் ஒன்றாக நுழைந்ததில் கதவில் தோள் இடித்தது. அம்மா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

மொட்டை அடித்துச் சந்தனம் பூசி உன்னைக் கொண்டுவந்தார்கள், பாப்பா. வலது காது பெரியவர் மடியில், இடது காது சின்னவர் மடியில் என்று முறை பேசியாகிவிட்டது. காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்ததுமே நீ அழ ஆரம்பித்தாய். அது அழுகையா, மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. நாலு பேர் பிடித்தும் நீ நிற்கவில்லை. பத்தர் கையை எடுத்துவிட்டு, “ஆடுனா எடம் மாறிப்போயிரும்மா” என்று சொல்லிக்கொண்டே காத்திருந்தார்.

அப்போது உன் கண் திரைக்குப் போனது. பெரிய மாமாவின் தலை ஓரத்தில் நின்றது. யோசித்தது. சாய்ந்தது. முன்னால் வந்தது. நீ நிஜ மாமாவைத் திரும்பிப் பார்த்தாய், மறுபடி திரையைப் பார்த்தாய். மாமா தலை பின்வாங்க, சின்ன மாமா வந்து, நின்று, முடி ஆடியது. நீ சிரித்தாய். கன்னத்தில் கண்ணீர் நிற்கும்போதே சிரித்தாய். அடுத்த தலைக்காக உன் கழுத்து முன்னால் நீண்டது. பத்தர் கெட்டிக்காரர். அந்த நேரத்தில் குத்திவிட்டார். உனக்குத் தெரியவே இல்லை.

நான் தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சபை மாமன் தலையைப் பார்த்தது. நான் உன் முகத்தைப் பார்த்தேன். அசைய வைத்தது நான், வலியை மறந்தது நீ. விசா வேண்டாம் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மேளச் சத்தத்தில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

இடது காதுக்கு உன்னைச் சின்னவர் மடிக்கு மாற்றும்போது யாரோ எதையோ அழுத்தி, திரையில் மண்டபத்தின் சொந்த விளம்பரம் வந்துவிட்டது: குளிர்சாதன வசதி, வண்டி நிறுத்துமிடம், தனிச் சமையற்கூடம். நீ போட்ட சத்தம் கடைத்தெரு வரை கேட்டிருக்கும். “எனக்கு மட்டும் பாரு, என் முறையில அழுவுது” என்று சின்னவர் இன்றைக்கும் சொல்கிறார். அது சதி என்றுதான் நினைக்கிறார்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் பெரியவரிடம் சொன்னேன்.

“மச்சான், நான் வரலங்க.”

“எங்க?”

“உங்ககூட. விசாவ வேற யாருக்காவது குடுத்துருங்க. நான் இதையே கத்துக்கலாம்னு இருக்கேன். படத்த நவுத்துறது.”

கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். “நவுத்தி?”

“தெரியல. நவுத்திப் பாக்கணும்.”

“மாப்ள, வளைகுடாவுல சோறு இருக்கு. இதுல என்ன இருக்கு?”

அம்மா பின்னாலேயே வெற்றிலைத் தட்டோடு நின்றிருந்தது எனக்குத் தெரியாது. தளம் போட்ட வீட்டு ஆசை அவளுடையது; அவள் பேசினால் நான் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவள் அண்ணனிடம் தட்டை நீட்டினாள்.

“மொத காதுக்கு அது அழுவலண்ணே” என்றாள். “நீ வெத்தல போடு.” என் பக்கம் திரும்பி, “ரெண்டு வருசம் பாருங்க. ஓடலைன்னா நீங்களே அண்ணனுக்குப் போன் பண்ணணும், நான் பண்ண மாட்டேன்” என்றாள்.

பெரியவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, “அந்த வீடியோவ எனக்கு அனுப்புங்க. என் தலை பெருசா வந்த எடத்தோட நிறுத்தி அனுப்புங்க” என்றார்.

மறுநாள் முதலாளி வருவதற்கு முன்னால் நான் கடையைத் திறந்தேன். விளக்கைப் போடவில்லை. விசாவுக்காக எடுத்த என் படம் கணினியில் கிடந்தது. வெள்ளைப் பின்னணி, தூக்கி வாரிய தலை, யாரிடமோ எதையோ கேட்டு விழிக்கிற கண்கள். அதைத் திறந்து என் தலையை வெட்டினேன். அந்தக் கடையில் அதற்கு முன் என் தலையை நான் வெட்டியதில்லை. கன்னத்தின் நிறத்தை எடுத்து இரண்டு இமை வரைந்தேன். மூடித் திறக்க வைத்தேன். வேகமாக மூடியது, மிரண்டது போல. மூடுவதற்கு முன் அந்த ஆள் கொஞ்சம் யோசிக்கட்டும் என்று அசைவின் நடுவில் இன்னும் ஒரு படம் சேர்த்தேன். போதவில்லை. இன்னொன்று சேர்த்தேன்.